மான் தின்னும் செடி, மான் தொடாத செடி: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்வராயன் மலை அடிவாரத்தில், காப்புக்காட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். செடி வாங்க வருகிறவர்கள் முன்பெல்லாம் விலையைத்தான் முதலில் கேட்பார்கள். இப்போது ஊர் காட்டை நோக்கி நகர்ந்துவிட்டது. மனை வாங்கி வீடு கட்டி, ஆசையாகப் பத்துச் செடி வைத்தால், விடியற்காலையில் வெறும் குச்சிதான் நிற்கிறது. அதனால் முதல் கேள்வியே "இதை மான் தின்னுமா?" என்று மாறிவிட்டது. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மான் தின்னவே தின்னாத செடி என்று ஏதாவது உண்டா?

விற்கிறவன் உண்டு என்று சொன்னால் நம்பாதீர்கள். பசித்த மானுக்குப் பட்டியல் தெரியாது. பருவமழை பெய்து காடு பச்சையாக இருக்கும்போது மோந்துகூடப் பார்க்காத செடியை, பங்குனி, சித்திரை வெயிலில் கடித்துப் பார்க்கும். ஆகவே "தொடாது" என்று நான் சொன்னால், "வேறு தீனி இருக்கும்வரை தொடாது" என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு விதிவிலக்கு போல நிற்பது அரளி ஒன்றுதான். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இணையத்தில் பெரிய பெரிய பட்டியல்கள் இருக்கின்றனவே, அதைப் பார்த்து வாங்கலாமா?

அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதியவை. அங்கே தோட்டத்துக்குள் வருவது வெள்ளைவால் மான். நமக்கு அடிவாரத்தில் வருவது புள்ளிமான். இரண்டும் மான்தான் என்றாலும், வளர்ந்த காடு வேறு, தின்று பழகிய தழை வேறு. அதைவிடப் பெரிய சிக்கல், டாஃபடில், லாவெண்டர், பியோனி என்று அவர்கள் சொல்வதைச் சேலத்து வெயிலில் வைத்தால் மானுக்கு வேலையே இல்லை, சூரியனே முடித்துவிடும்.

நம்மிடம் அதைவிட நல்ல பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மாலையில் காட்டோரம், ஆடு மேய்கிற இடமாகப் பார்த்து ஒரு நடை போய் வாருங்கள். எல்லாம் மொட்டையாக இருக்கும் இடத்தில் எது மட்டும் தழைத்து நிற்கிறது என்று பாருங்கள். எருக்கு, நொச்சி, ஆவாரை, காட்டாமணக்கு, ஊமத்தை, சீத்தா, ஆடாதோடை என்று ஒரு கூட்டம் தென்படும். நம் முன்னோர் இதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆடு தொடாத இலை ஆடாதோடை. ஆடு தின்னாத இன்னொன்று ஆடுதின்னாப்பாளை. இதைவிட நேரடியாக எந்த லேபிளில் எழுத முடியும்?

ஆடு தொடாததை மானும் தொடாது என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

முக்கால்வாசி. இரண்டும் அசைபோடும் விலங்குகள். கசப்பு, பால், நெடி இவற்றை ஒதுக்குவதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், ஆடு தழையை விரும்பும், புள்ளிமான் அடிப்படையில் புல் மேயும். மழைக்காலத்தில் மான் உங்கள் புல்தரையை மட்டும் சீராக வெட்டிவிட்டுப் போகும், பக்கத்துச் செம்பருத்தியைக் கண்டுகொள்ளாது. மாசி பிறந்து புல் காய்ந்ததும் தழை, உதிர்ந்த பூ, காய் என்று இறங்கிவிடும். "ஆறு மாசம் ஒன்றும் செய்யவில்லை, திடீரென்று அடியோடு காலி" என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். மான் மாறவில்லை, மாதம் மாறிவிட்டது.

கடித்தது மான்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் செலவு செய்தால் பாதிப் பணம் வீண். மானுக்கு மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லாலும் மேலே உள்ள கெட்டியான ஈறாலும் பிடித்து இழுத்துப் பிய்க்கும். அதனால் கடித்த இடம் நார் நாராக, கிழிந்தாற்போல இருக்கும். முயல் கடித்தால் கத்தியால் சாய்வாக வெட்டியது போலச் சுத்தமாக இருக்கும், அதுவும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள்தான். கிழங்கைத் தோண்டியிருந்தால் காட்டுப்பன்றி அல்லது முள்ளம்பன்றி. இலையில் ஓட்டை ஓட்டையாக இருந்தால் வெட்டுக்கிளியோ புழுவோ. பாவம், அதற்கும் மானைத்தான் திட்டுகிறோம்.

புழுக்கையும் காட்டிக்கொடுக்கும். மான் புழுக்கை ஆட்டுப் புழுக்கை மாதிரியே கருப்பாக, சின்னதாக, ஒரே இடத்தில் கொட்டிக் கிடக்கும். அக்கம்பக்கத்தில் ஆடு வளர்க்கிறார்களா என்று விசாரித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். ஒருவர் என்னிடம் மூன்று முறை வந்து மான் தொல்லை என்று புலம்பினார். கடைசியில் பார்த்தால், பக்கத்து வீட்டு வெள்ளாடு மதில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது.

எதை வைத்தால் கட்டாயம் போய்விடும்?

செம்பருத்தி முதலிடம். தளிர், மொட்டு, பூ எதையும் மிச்சம் வைக்காது. அடுத்து ரோஜா, மல்பெரி, அகத்தி, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் முருங்கை, தட்டைப்பயறு, பீன்ஸ், நிலக்கடலை, எல்லாக் கீரையும். காசித்தும்பையும் டேபிள் ரோஸும் தண்ணீர்ப் பிடிப்புள்ள தண்டு, கோடையில் மானுக்கு அது சாப்பாடும் தண்ணீரும் சேர்ந்தது. சர்க்கரைவள்ளிக் கொடியையும் விடாது. வள்ளியையே மான் ஈன்றது என்று கதை சொல்லும் ஊரில் வள்ளிக்கொடியைத் தின்னாதே என்று மானிடம் எப்படிச் சொல்வது!

நம்மூர்க் குச்சிக்கிழங்கு கொஞ்சம் தனிக் கதை. மரவள்ளி இலையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. நிறையத் தின்று ஆடுகள் செத்துப்போவது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் சிலர் அதை வேலியோரம் வரிசையாக நட்டு அரண் என்று நினைக்கிறார்கள். மானுக்கு அது அரணோ இல்லையோ, கிழங்குக்குக் காட்டுப்பன்றி வந்துவிடும். மானே மேல் என்று ஆகிவிடும்.

ரோஜாவுக்கு முள் இருக்கிறதே, அதையுமா?

முள்ளை விட்டுவிட்டு மொட்டையும் தளிரையும் மட்டும் கிள்ளத் தெரிந்த உதடு அது. புதுத் தளிரில் முள் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். காகிதப்பூவிலும் இதே கதை. முற்றிய கிளையைத் தொடாது, துளிரைத் தின்னும். முள் என்பது மானைத் தடுக்கிற வேலிக்குத்தான் உதவும், செடியைக் காப்பாற்றாது.

சேலம் பக்கம் எந்தப் பூச்செடிகளை நம்பி வைக்கலாம்?

என் அனுபவத்தில் மூன்று குணங்களைப் பார்த்தால் போதும்: பால் வடிய வேண்டும், அல்லது நெடி அடிக்க வேண்டும், அல்லது வாயில் அரிக்க வேண்டும்.

பால் வடியும் கூட்டம்தான் நமக்குப் பெரிய வரம். அரளி, பொன்னரளி, பெருமாள் அரளி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, அலமாண்டா, அடீனியம் எல்லாமே ஒரே குடும்பம். வெயிலைத் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது, வருஷத்தில் பல மாதம் பூக்கும். கள்ளி வகையில் முட்கிரீடம் என்று சின்னச் சிவப்புப் பூ பூப்பதும் நல்லது. இந்தக் குடும்பத்தை மட்டும் வைத்தே ஒரு முழுத் தோட்டம் போட்டுத் தந்திருக்கிறேன். வெள்ளை நித்தியகல்யாணி தரையோடு, நடுவில் நந்தியாவட்டை, பின்னால் இளஞ்சிவப்பு அரளி. கோயில் நந்தவனம் மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். நியாயம்தான். மாடும் ஆடும் நுழையும் நந்தவனத்தில் மிஞ்சி நின்றவைதானே இவை.

நெடிக்குத் துளசி, திருநீற்றுப்பச்சிலை, ஓமவல்லி, நொச்சி, எலுமிச்சைப்புல். துலுக்கச் சாமந்தியையும் எல்லோரும் சொல்வார்கள். நான் பாதி நம்பிக்கைதான் வைப்பேன். இலையை விட்டுவிட்டுப் பூவை மட்டும் கிள்ளிப் போட்ட சம்பவங்கள் என் பண்ணையிலேயே உண்டு.

அரிப்புக்குச் சேம்பு இனத்து அலங்காரச் செடிகள். டிஃபன்பாக்கியா, கலாடியம், அலோகேசியா போன்றவற்றின் இலையில் ஊசி போன்ற சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. ஒரு வாய் வைத்தால் நாக்கு சொல்லும். இவற்றுக்கு நிழல் வேண்டும், அதை மறக்காதீர்கள். கிழங்கு வகையில் மழை லில்லியும் விஷமூங்கிலும் கசப்பு நஞ்சு உள்ளவை, மான் ஒதுக்கும். மஞ்சளும் அப்படித்தான். சேலத்தில் மஞ்சளை வயலில்தான் பார்க்கிறோம், ஆனால் வாசலோரம் நான்கு கிழங்கு ஊன்றிப் பாருங்கள், அகன்ற இலையும் இடையில் வெள்ளைப் பூவும் எந்த அலங்காரச் செடிக்கும் குறையில்லை.

அரளி விஷம் ஆயிற்றே, வீட்டில் வைக்கலாமா?

பனமரத்துப்பட்டிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் அரளித் தோட்டம்தான். விடியுமுன்னே பெண்கள் மொட்டுப் பறித்து மாலைக்கு அனுப்புகிறார்கள். ஊரே அரளியோடு வாழ்கிறது, பயந்து ஓடவில்லை. அதே சமயம் அது விஷம் என்பதில் விளையாட்டு கூடாது. இலை, பட்டை, வேர், பூ எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. காய்ந்தாலும் போகாது. மாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: பச்சைச் செடியை மாடு ஒதுக்கும், ஆனால் நீங்கள் கவாத்து செய்து போட்ட வாடிய கிளையை வைக்கோலோடு சேர்த்துத் தின்றுவிடும். வெட்டியதை அன்றே புதையுங்கள். எரித்துக் குளிர் காயாதீர்கள், புகையும் ஆகாது. தவழும் குழந்தை, எதையும் வாயில் வைக்கும் வயதில் பிள்ளை இருந்தால் இரண்டு வருஷம் பொறுத்து வையுங்கள். பொன்னரளிக் கொட்டை இன்னும் ஆபத்து.

உண்ணிச்செடியை மான் தொடுவதில்லை. அதையே வேலியாக வைத்தால் என்ன?

வேண்டாம். சேர்வராயன் சரிவில் அது எவ்வளவு மண்டிக் கிடக்கிறது என்று கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே தெரியும். மான் தொடாதது என்பதே அது அப்படிப் பரவியதற்கு ஒரு காரணம். மற்றதையெல்லாம் தின்றுவிட்ட இடத்தை அது பிடித்துக்கொண்டது, மானுக்கு வேண்டிய புல் அடியில் முளைக்க வழியில்லை, மான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. பழத்தைக் குருவி தின்று விதையைக் காட்டுக்குள் கொண்டு போய்ப் போடும். கண்ணுக்கு அழகான கலப்பு ரகம் என்று விற்பதையும் நான் வாங்கி வைப்பதில்லை.

ஏற்காட்டில் வீடு. எங்களுக்கு வருவது மான் இல்லை, காட்டெருமை. இதே செடிகள் போதுமா?

போதாது. காட்டெருமை என்று சொன்னாலும் அது எருமை இனம் இல்லை, மாட்டினம். பழந்தமிழில் ஆமா என்பார்கள். வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை போகும். அதற்குப் பிடிக்காத செடி எது என்பதைவிட, அது எந்த வழியாக நடக்கிறது என்பதுதான் கேள்வி. தின்றதைவிட மிதித்ததும் உடைத்ததும்தான் சேதம். வழக்கமான தடத்தில் செடி வைக்காமல் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பலாப்பழம் பழுத்து விழ விடாதீர்கள், முற்றும்போதே இறக்கிவிடுங்கள். வாழைக்கும் வரும். தோட்டத்தில் நின்றால் படம் எடுக்கப் பக்கத்தில் போக வேண்டாம், டார்ச் அடித்துக் கத்தி விரட்டவும் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அப்படியானால் மலையில் என்னதான் பூச்செடி வைப்பது?

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அடிவாரத்தில் வாடிப்போகும் பலவும் அங்கே செழிக்கும். மே மாத மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, அங்கே பார்த்த டேலியாவும் ஹைட்ராஞ்சியாவும் வேண்டும் என்று கேட்பார்கள். டேலியா கிழங்கு முள்ளம்பன்றிக்குப் பிரியம். ஹைட்ராஞ்சியாத் துளிரையும் மொட்டையும் மான் இனம் எங்கேயும் விட்டதில்லை. இரண்டையும் வீட்டுச் சுவரையொட்டி, விளக்கு எரியும் பக்கம் வையுங்கள். வெளியே ஜெரேனியம், சால்வியா, ரோஸ்மேரி, பெரணி வகைகள், கால்லா லில்லி வைக்கலாம். தலைகீழாக எக்காளம் போலத் தொங்கும் பெரிய பூ ஒன்று மலை வீடுகளில் இருக்கும், ஊமத்தைக்குச் சொந்தம். மான் தொடாது, குழந்தையும் தொடக் கூடாது.

காப்பிச் செடியைத் தின்னுமா?

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பி கொண்டுவந்த நாளிலிருந்து அது காட்டுக்கு நடுவில்தான் நிற்கிறது. இலையில் காஃபின் கசப்பு இருப்பதால் தீனியாக அதை யாரும் தேடி வருவதில்லை. எஸ்டேட்காரர்கள் கவலைப்படுவது காட்டெருமை கிளையை முறிப்பதற்குத்தான். வீட்டுத் தோட்டத்தில் நான்கு காப்பிச் செடி வைத்தால் மானுக்குப் பயப்பட வேண்டாம்.

பிடித்த செடியை விட மனசில்லை. செம்பருத்தி வைத்தே ஆக வேண்டும் என்றால்?

வையுங்கள், இடத்தை மாற்றி வையுங்கள். காட்டைப் பார்த்த ஓரத்தில் அரளி, நொச்சி, ஆடாதோடை நெருக்கமாக. அதற்குள்ளே துளசி, எலுமிச்சைப்புல் வரிசை. வாசல்படிக்குப் பக்கத்தில், மனித நடமாட்டம் இருக்கும் இடத்தில் செம்பருத்தியும் ரோஜாவும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேலியோரம் அழகாக இருக்கும் என்று செம்பருத்தி வரிசை, வாசலில் தொட்டியில் அடீனியம். மானுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான்.

யூரியாவையும் குறையுங்கள். தழைச்சத்து தூக்கலாகப் போட்ட செடி கொழுகொழுவென்று இளந்தளிர் விடும். மான் முதலில் அதைத்தான் தேடும்.

மான் தொடாது என்று நீங்கள் கொடுத்த செடியையே பிடுங்கிப் போட்டிருக்கிறதே?

பிடுங்கியதா, தின்றதா? பிடுங்கி அங்கேயே போட்டிருந்தால் அது ருசி பார்த்தது. புதிதாக எதை நட்டாலும் மான் ஒரு இழு இழுத்துப் பார்க்கும், வேர் பிடிக்காத நாற்று கையோடு வந்துவிடும். திரும்ப ஊன்றித் தண்ணீர் ஊற்றுங்கள், பெரும்பாலும் பிழைக்கும். முதல் ஒரு மாதம் மூங்கில் கூடை கவிழ்த்தோ, நான்கு குச்சி நட்டுத் துணி சுற்றியோ வையுங்கள்.

முடி, சோப்பு, முட்டைக் கரைசல் இதெல்லாம் வேலை செய்யுமா?

சலூனிலிருந்து முடி வாங்கி வந்து தூவுவார்கள். ஒரு வாரம், அவ்வளவுதான். மனித வாடைக்குப் பழகிய மான் அதைப் பொருட்படுத்தாது. சோப்புக்கட்டியைத் தொங்கவிட்டால் அந்த ஒரு கிளை தப்பும்.

முட்டைக் கரைசலுக்கு மட்டும் நான் ஓட்டுப் போடுவேன். நான்கு லிட்டர் தண்ணீருக்கு மூன்று முட்டை, இடித்த பூண்டு ஒரு கைப்பிடி. மூடி இரண்டு நாள் வெயில் படாமல் வைத்து, துணியில் வடிகட்டித் தெளியுங்கள். முட்டை அழுகும் வாடை மானுக்கு ஏதோ செத்துக் கிடக்கிறது என்று தோன்றச் செய்யும். காய்ந்த பிறகு நம் மூக்குக்குத் தெரியாது, அதன் மூக்குக்குத் தெரியும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டும், மழை பெய்தால் மறுநாளே. கீரையிலும் சமைக்கும் காய்கறியிலும் அடிக்காதீர்கள். வடிகட்டாமல் அடித்துத் தெளிப்பான் அடைத்துக்கொண்டால் என்னைத் திட்டாதீர்கள்.

வேலி போட்டே ஆக வேண்டும் என்றால் எவ்வளவு உயரம்?

ஏழு, எட்டு அடி. ஐந்தடியை மான் தாண்டிவிடும். ஆனால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் தாண்டத் தயங்கும். நம் விவசாயிகள் பழைய சேலையை வரப்பில் சுற்றிக் கட்டுவதன் சூட்சுமம் அதுதான், மறைப்பும் அசைவும். செலவில்லாத வேலி, நன்றாகவே வேலை செய்கிறது. நிரந்தரமாக வேண்டும் என்றால் கொங்குப் பக்கத்து முட்கிளுவை வேலி போல எதுவும் வராது, வளர நாலைந்து வருஷம் பொறுமை வேண்டும்.

மீன்வலையைத் தொய்வாகக் கட்டாதீர்கள். ஆண் மானின் கொம்பு மாட்டிக்கொள்ளும், அது துடிப்பதைப் பார்க்க முடியாது. கம்பியில் நேரடி மின்சாரம் விடுவது குற்றம். மான் சாகும், தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆளும் சாவார். மானைக் கொல்வது, பிடிப்பது எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. "தெரியாமல் செய்துவிட்டேன்" என்பது அங்கே எடுபடாது.

மாங்கன்றின் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டது. இதுவும் தீனிக்கா?

இல்லை, ஆண் மான் கொம்பைத் தேய்த்திருக்கிறது. அதற்குக் கசப்பு, இனிப்பு கணக்கில்லை, கொம்புக்கு வாகான தடிமன் இருந்தால் போதும். அடித்தண்டைச் சுற்றி மூங்கில் தப்பையோ கம்பி வலையோ நான்கடி உயரத்துக்குக் கட்டுங்கள். பட்டை முழுச் சுற்றும் போய்விட்டால் கன்று பிழைக்காது, வேறு வையுங்கள்.

பாவமாக இருக்கிறது. சோறோ, பிஸ்கட்டோ வைத்தால் செடியை விட்டுவிடுமா?

விடாது, கூட நான்கு பேரை அழைத்துவரும். சோறு, ரொட்டி போன்ற மாவுப் பொருளை மான் நிறையத் தின்றால் இரைப்பையில் புளிப்பு ஏறிச் செத்தே போகும். பிளாஸ்டிக் கவரோடு போட்டுவிட்டால் அதையும் விழுங்கும். கையில் வாங்கித் தின்று பழகிய மான் சாலைக்கு வரும், நாய் துரத்தும், வண்டியில் அடிபடும். மானுக்கு ஊட்ட ஆசை இருந்தால் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பார்க்க மட்டும் செய்யுங்கள். அங்கேயும் ஊட்டக் கூடாது.

குரங்கு தொடாத செடி இருக்கிறதா?

அரளியைத் தின்னாது. பிடுங்கி மட்டும் போடும்.